தூண்டில் ஏந்திய பாணரும் கடாரக் கரையும்

கரங்கான் கடல் காணாத ஊர். கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கூலிம் மாவட்டத்தின் உட்புறத்தே, டப்ளின், சுங்கை டிங்கின் முதலான தோட்டங்கள் சூழ அமைந்தது. முன்னாளில் கித்தா மரங்களும் இந்நாளில் பெரும்பாலும் செம்பனைகளும் நிற்கும் இந்நிலத்தில் அலையோசைக்கு இடமில்லை. ஆயினும் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் இவ்வட்டாரக் குடும்பங்கள் பல மேற்கு நோக்கிப் புறப்படும். பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அதன் முடிவில் பந்தாய் மெர்டேக்கா என்னும் கடற்கரை. சோற்றுப் பொட்டலமும் பாயும் குழந்தைகளும் ஏறிய வண்டியில் தூண்டிற் கோலும் ஒன்றிரண்டு ஏறுவதைக் காணலாம்.

அண்மையில் வகுப்பில் நெய்தல் திணை பற்றிய பாடம் நடந்தது. மணற்கரையில் நின்று தூண்டிலிடுவார்க்கு எளிதில் கிட்டும் மீன்களைச் சொல்லி வருகையில் ‘கிழங்கான்’ என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, கரங்கான் தெரியும், கிழங்கான் எது?” என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பின்னர்க் கரும்பலகையில் மீனை வரைந்து காட்டியபோது, “இதுவா? பூந்தோங் டாமார்! அப்பாவோடு போய் நிறையப் பிடித்திருக்கிறேனே!” என்றான். அதன்பின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மீன் அவன் கைக்கு வந்திருக்கிறது. அதன் தமிழ்ப் பெயர் வரவில்லை. நெய்தலின் கருப்பொருள்களைத் தவறின்றி ஒப்பிக்கும் மாணவர்களிலோ கடலில் கால் நனைத்தவர் சிலரே. ஒருபால் கடல் அறிந்து சொல் அறியாமை. மற்றொருபால் சொல் அறிந்து கடல் அறியாமை. இவ்விரண்டையும் இணைக்க விடுமுறை நாளின் தூண்டில் உதவக்கூடுமா? உதவும் என்பதற்குத் தூண்டிலின் வரலாற்றிலேயே சான்று உண்டு.

ஒரு புலவர், இரு பாட்டுகள்

பத்துப்பாட்டுள் இரண்டினைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். ஒன்று கரிகாற் பெருவளத்தானுக்குரிய பட்டினப்பாலை; மற்றொன்று தொண்டைமான் இளந்திரையனுக்குரிய பெரும்பாணாற்றுப்படை. இவ்விரு பாட்டுகளும் நச்சினார்க்கினியர் உரையோடு, டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1889இல் வெளியிட்ட பத்துப்பாட்டுப் பதிப்பின் வாயிலாகத் தமிழ் மக்கள் கைக்கு மீண்டும் வந்தன.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களைப் புலவர் அடுக்கிச் செல்கிறார். அவ்வரிசையில் ‘காழகம்’ என்னும் நாட்டின் பெயர் வருகிறது. அதற்குக் ‘கடாரம்’ என்று பொருள் கூறினார் நச்சினார்க்கினியர். காழகம் பர்மா நாட்டைக் குறிக்கும் என்று கருதும் அறிஞரும் உளர். எனினும் உரைகாரர் கூற்றை ஏற்போமாயின், நாம் வாழும் இக்கெடாவின் பெயர் பழந்தமிழ்ப் பாட்டில் ஏறிய இடம் அதுவேயாகும்.

அதே புலவர், பெரும்பாணாற்றுப்படையில் ஒரு தூண்டிற்காரனை நம் கண்முன் நிறுத்துகிறார். கடாரத்தைச் சொன்ன நாவே தூண்டிலையும் சொல்லிற்று என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கெடாவில் தமிழ் கற்பிப்பார்க்கு அது மகிழ்ச்சி தரும் தற்செயல் அன்றோ?

அவர் காட்டும் தூண்டிற்காரன் ஒரு பாண்மகன். புதிய இறைச்சித் துண்டுகளை இட்ட தோற்பையைத் தோளில் தொங்கவிட்டிருக்கிறான். கையில் நீண்ட மூங்கிற் கோல். அதன் நுனியில் இழுத்துக் கட்டிய நாண். நாணின் முனையில் வளைந்த வாயினையுடைய இரும்பு. அதனை மறைத்த இரை. இன்று கடைக்குச் சென்று தூண்டிலுக்கு வேண்டுவன யாவை என்று கேட்டால், இரைப்பை, கோல், நூல், முள் என்னும் இந்நான்கையே முதலில் எடுத்துத் தருவர். இடையில் சென்ற ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் பொருளை மாற்றின, முறையை மாற்றவில்லை.

இன்னும் நுட்பமானது அதன்பின் வரும் செய்தி. இரையைக் கவ்விய வாளைமீன் ஒன்று முள்ளை வெறுமையாக்கித் தப்பிவிடுகிறது. தப்பிய மீன், நீரருகே நின்ற பிரம்பின் நிழல் அசைவதைக் கண்டு, அதுவும் தூண்டிலோ என்று வெருவுகிறது. கரையில் நிற்பவனின் நிழலும் கோலின் நிழலும் நீர்மேல் விழலாகாது என்பது இன்றும் தூண்டில் கற்பிப்பார் கூறும் முதற்பாடங்களுள் ஒன்று. புலவர் அதனை மீனின் பக்கத்திலிருந்து கண்டு சொன்னார்.

கோலும் நாணும் முள்ளும்

‘தூண்டில்’ என்னும் சொல், தூண்டுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது என்பர். சங்க நூல்களில் இக்கருவி ஆளப்படும் இடங்கள் ஒவ்வொன்றும் கருவியின் ஓர் இயல்பை விளக்குகின்றன.

கோலின் இயல்பைக் குறுந்தொகை காட்டும். மலைச்சாரலில் பசுமூங்கிலை வளைத்துத் தின்னும் காட்டு யானை, தினைப்புனம் காப்போர் விடும் கவண்கல்லின் ஒலி கேட்டு அஞ்சி மூங்கிலைக் கைவிடுகிறது. வளைந்த மூங்கில் சட்டென்று மேலே நிமிர்கிறது. மீன் பட்டவுடன் மேலே வெட்டி இழுக்கும் தூண்டிற் கோல் போல அது நிமிர்ந்தது என்கிறார் புலவர். இவ்வுவமையின் சிறப்பால் அவருடைய இயற்பெயரே மறைந்து, ‘மீனெறி தூண்டிலார்’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது. குறிஞ்சிப் பாட்டில் நெய்தற் கருவி வந்த விந்தை ஒருபுறமிருக்க, கோலுக்கு வேண்டுவது வன்மை மட்டுமன்று, வளைந்து மீளும் தன்மையும் ஆகும் என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது. மூங்கில் போய்க் கண்ணாடி இழையும் கரி இழையும் வந்த இந்நாளிலும் கோலின் தரத்தை அவ்வியல்பு கொண்டே அறிகின்றனர்.

நாணின் நுண்மையை அகநானூறு காட்டும். அங்கே தூண்டில் ஏந்தியவள் ஒரு பெண். நாண் கட்டிய மெல்லிய கோலால் ஆற்றங்கரையில் வராலைப் பிடித்த பாண்மகள், நறவுண்டு களித்திருக்கும் தன் தந்தைக்கு அம்மீனை வஞ்சி விறகில் சுட்டு ஊட்டுகிறாள். நம் தோட்டத்து வாய்க்கால்களில் சிறுவர் பிடிக்கும் ‘ஹாருவான்’ அந்த வராலேயாகும். தூண்டில் ஆடவர்க்கே உரியது என்று எண்ணுவோர் இப்பாட்டை நினைக்க வேண்டும்.

முள்ளின் இயல்பை வள்ளுவர் எடுத்தாண்டார். சூது என்னும் அதிகாரத்தில், சூதாடி பெறும் வெற்றியை, மீன் தூண்டில் முள்ளை விழுங்கியதற்கு ஒப்பிடுகிறார். அவ்விடத்தில் அவர் ஆளும் ‘பொன்’ என்னும் சொல்லுக்கு உரைகாரர் இரும்பு என்று பொருள் கொள்வர். மாணவர் தங்கம் என்று மயங்கும் இடம் அது. முள்ளைக் கையில் வைத்துக் காட்டி விளக்கினால் அம்மயக்கம் ஒரு நொடியில் தீரும்.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. கடலில் மீன்பிடித்தலைத் தொழிலாகக் கொண்டோர் பரதவர். அவர்தம் கருவிகளாகப் பாட்டுகளில் மிகுதியும் பேசப்படுவன வலையும் திமிலும், பெருமீன்மேல் வீசும் எறியுளியும். மேலே நாம் கண்ட கோலும் நாணும் உள்ள காட்சிகளிலோ பாண்மகனும் பாண்மகளும் வருகின்றனர். பாணர் என்றவுடன் யாழும் பண்ணும் நம் நினைவுக்கு வரும். அவ்வினத்தாருள் மீன்பிடித்து வாழ்ந்தோரும் இருந்தனர் என்பது இப்பாடல்களால் விளங்குகிறது. ஆகவே நம் இலக்கியத்தில் தூண்டில், கடலோடிகளின் பெருங்கருவியாக அன்றி, கரையில் நின்று நீரைக் கூர்ந்து நோக்குவோர் கைக்கருவியாகவே விளங்குகிறது. தோட்டத்திலிருந்து விடுமுறைக்குக் கடலுக்குச் செல்லும் ஆசிரியரும் மாணவரும் பரதவர் ஆதல் அரிது, பாணர் ஆகலாம்.

உலகில் தூண்டில்

தூண்டில் எந்த ஓர் இனத்துக்கும் தனியுரிமை அன்று. ஜப்பானுக்குரிய ஒக்கினாவாத் தீவில், சக்கித்தாரி என்னும் குகையில், சிப்பி ஓட்டால் ஆன தூண்டில் முட்கள் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 23,000 ஆண்டுகள் என்று 2016இல் அறிவித்தனர். நம் நாட்டுக்குத் தெற்கே தீமோர்த் தீவிலும் மிகப் பழைய சிப்பி முட்கள் கிடைத்துள்ளன. சிந்துவெளி நகரங்களில் செம்பினால் ஆன முட்கள் கண்டெடுக்கப்பட்டன.

நூலைச் சுற்றும் உருளை முதலில் சீனரிடம் காணப்படுகிறது. ஏறத்தாழ 1195இல் மா யுவான் என்னும் ஓவியர் வரைந்த படத்தில், குளிர்ந்த நீர்ப்பரப்பில் தனிப்படகில் இருக்கும் தூண்டிற்காரனின் கோலில் அவ்வுருளை தெளிவாகத் தெரிகிறது. இன்று கடற்கரையில் எல்லார் கையிலும் காணும் சுழல் உருளைக்கு வழிகாட்டியவர் இங்கிலாந்து நாட்டு நெசவாலைக்காரரான இல்லிங்வர்த். 1905இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தறிக்கு நூல் தரும் கதிர் சுழலாமல் நிற்க, நூல் மட்டும் நுனி வழியே கழன்று வருவதைக் கண்டு அவர் அக்கருத்தைப் பெற்றார் என்பர். 1938இல் நைலான் அறிவிக்கப்பட்டதும், பட்டும் பருத்தியும் ஆண்ட இடத்தை அது பிடித்துக்கொண்டது. புலவர் கண்ட நாண், இன்று நீரில் கண்ணுக்குத் தோன்றாத இழையாயிற்று.

கடாரக் கரை

இனி நம் கரைக்கு வருவோம். மூடா ஆறு தன் கடைப்பகுதியில் கெடாவுக்கும் செபராங் பிறைக்கும் எல்லையாக ஓடிக் கடலில் கலக்கிறது. அதற்கு அண்மையில் குவார் கெப்பா என்னும் இடத்தில், பழங்கால மக்கள் உண்டு எறிந்த சிப்பி ஓடுகள் மேடுகளாகக் குவிந்திருந்தன. 1860இல் ஏர்ல் என்னும் ஆங்கிலேயர் அவற்றை ஆராய்ந்தார். 2017இல் அங்கு ஒரு மனித எலும்புக்கூடு கிடைத்தது. அது 5,000 ஆண்டுக்கு மேற்பட்டது என்று ஆய்வாளர் கூறினர். எனவே இக்கரையின் கடலுணவு வரலாறு, கடாரம் என்னும் பெயருக்கும் மிக முந்தியது.

மூடாவுக்கு வடக்கே கடல் புகுவது மெர்போக் ஆறு. அதன் முகத்தில் தென்கரையில் பந்தாய் மெர்டேக்காவும், வடகரையில் தஞ்சோங் டாவாய் என்னும் மீனவர் ஊரும் ஒன்றையொன்று நோக்கியிருக்கின்றன. பின்னணியில் 1,217 மீட்டர் உயரமுடைய குனோங் ஜெராய் எழுந்து நிற்கிறது. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அம்மலையே வழிகாட்டி. அதன் அடிவாரத்தில் விரிந்ததே பூஜாங் பள்ளத்தாக்கு. 1930களில் குவாரிச் வேல்ஸ் என்பார் தம் மனைவியாருடன் அங்கு அகழ்ந்து பல கோயில் அடித்தளங்களை வெளிப்படுத்தினார். இராசேந்திர சோழன் 1025இல் படை செலுத்திக் ‘கடாரம் கொண்டான்’ என்று பெயர் பெற்றது இந்நாட்டின்மீதேயாகும்.

தூண்டிலை நினைப்போர்க்கு இப்பள்ளத்தாக்கில் மற்றொரு செய்தி உண்டு. சுங்கை பத்து என்னும் இடத்தில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வில், இரும்பு உருக்கிய உலைகளும் காற்றூதிய களிமண் குழாய்களும் பெருமளவில் வெளிப்பட்டன. அவற்றுள் மிகப் பழையவற்றின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் பழங்கடாரம் இரும்பு செய்த நாடு என்பதில் ஐயமில்லை. படையெடுப்பின் வரலாறு போலவே இவ்வுலைகளின் வரலாறும் நம் மாணவர் அறியத்தக்கதாகும்.

கடல் கடந்தும் கடலறியாதார்

பிற்காலத்தில் இந்நாட்டுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் கடல் கடந்தே வந்தனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். 1926இல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ கப்பலின் பெயர் இன்றும் மூத்தோர் நாவில் உள்ளது. பலர் பினாங்குக்கு அருகே ஜெரெஜாத் தீவில் தொற்றுநோய்க் காப்பில் சில நாள் வைக்கப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்யும்வரை இவ்வரவு நிகழ்ந்தது.

அவர்களுள் பெரும்பாலோர் உள்நாட்டு உழவர் குடியினர், பரதவர் அல்லர். கடலை அவர்கள் கண்டது பெரும்பாலும் அந்த ஒரு பயணத்தில்தான். அதன்பின் தோட்டத்தின் எல்லையே உலகின் எல்லையாயிற்று. கொண்டுவந்த சொற்களுள் ஏரும் எருதும் இருந்தன. கடலின் சொற்கள் இல்லை. அவ்வெற்றிடத்தை மலாய்மொழி நிரப்பியது. நெத்திலி, ‘ஈக்கான் பிலிஸ்’ ஆயிற்று. கொடுவா, ‘சியாக்காப்’ ஆயிற்று. காலா, ‘செனாங்கின்’ ஆயிற்று. என் தந்தையார் பால் டின்னில் ‘தங்சி’ நூலைச் சுற்றிக்கொண்டு தோட்ட லோரியில் கடலுக்குச் சென்றவர். பிடித்து வந்த ஒவ்வொரு மீனுக்கும் அவர் பெயர் சொல்வார், ஒன்றுகூடத் தமிழன்று. அதனைக் குறை என்று யாரும் எண்ணியதில்லை. கற்றுத் தந்த மலாய் அண்டை வீட்டாரின் மொழியில் கற்றது இயல்பேயாகும்.

மொழிகள் ஒன்றுக்கொன்று கொடுத்தும் வாங்கியும் வாழ்வன. தமிழின் கப்பல் மலாயில் ‘காப்பால்’ ஆயிற்று. கடை, ‘கெடாய்’ ஆயிற்று. தூண்டிலுக்கு மலாயார் வழங்கும் ‘காயில்’ என்னும் சொல்லோ அவர்தம் தீவினத்து மொழிகளுக்கே உரிய பழஞ்சொல். நைலான் இழையை மலாயார் ‘தங்சி’ என்பர்; ஈழத்திலும் தென்தமிழகக் கரையிலும் ‘தங்கூசி’ என்பர். இரண்டும் ஒலியால் நெருங்கியவை. ஆனால் ஒலி நெருக்கம் ஒன்றே உறவுக்குச் சான்றாகாது என்பதைச் சொல்லாராய்ச்சி செய்வோர் மறத்தல் கூடாது.

இரு மொழியும் ஒரே பொருளை ஒரே வகையில் கண்ட இடமும் உண்டு. மணலில் படரும் அடும்பின் பிளந்த இலையைக் குறுந்தொகைப் புலவர் மானின் அடிக்கு ஒப்பிட்டார். மலாயார் அக்கொடியைத் ‘தாப்பாக் கூடா’ என்பர். குதிரைக் குளம்படி என்பது பொருள். கிழங்கானும் அத்தகையதே. உருண்டு நீண்ட உடலால் கிழங்கு போன்றது என்று நம்மவர் பெயரிட்டனர் போலும். மலாயார்க்கு அது எரிந்து குறைந்த தீவட்டியின் அடித்துண்டு. மாணவனுக்கு இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்னால் மலாய்ப் பெயரை இழக்காமலே தமிழ்ப் பெயரைப் பெறுவான்.

புதிதாகத் தொடங்குவார்க்கு

இனித் தூண்டிலை முதன்முறை எடுப்பார்க்குச் சில செய்திகள் கூறுவோம். இவற்றுள்ளும் பழைய பாட்டுகள் துணைவருகின்றன.

முதலில் அறிய வேண்டுவது ஓதம். நம் கரையில் கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும். நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். அமாவாசையையும் முழுநிலாவையும் ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதி, நீரோட்டமும் கடுமை. பட்டினப்பாலையில் பரதவர், சுறாமீன் கொம்பை நட்டு வழிபட்டு, உவா நாளில் கடல்மேற் செல்லாது உண்டு ஆடி மகிழ்ந்தனர். உவா என்பதற்கு முழுநிலா நாள் என்பர். அது வழிபாட்டு நாள். ஓட்டம் மிக்க நாளும் அதுவே. தொடங்குவோர் அந்நாள்களை விடுத்து இடைப்பட்ட நாள்களைத் தேர்தல் நலம். நீர் ஏறத் தொடங்கி நிறையும் வரையிலும், நிறைந்தபின் ஒரு மணி நேரமும் மீன் கரையை நாடும். அது விடியலோடோ மாலையோடோ பொருந்தி வருமாயின் மிக நன்று.

வற்றிய நேரத்தில் கடற்கரைக்கு முன்கூட்டியே சென்று நிலத்தைப் பாருங்கள். மணல் திட்டுகளுக்கு இடையே நீளவாக்கில் பள்ளங்கள் தெரியும். நீர் ஏறியதும் மீன் இரை தேடுவது அப்பள்ளங்களில்தான். புதியோர் செய்யும் முதற்பிழை, ஆற்றல் கொண்ட மட்டும் தொலைவில் எறிவது. மீன் பல வேளைகளில் 20, 30 மீட்டருக்குள்ளேயே இருக்கும்.

காற்றும் கருதத்தக்கது. நவம்பர் முதல் மார்ச் வரை மேற்குக் கரை பெரும்பாலும் அமைதியானது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும். விடியற்காலையில் ‘சுமாத்ரா’ என்னும் திடீர்ப் புயற்காற்று எழுவதும் உண்டு. இடி முழங்கினால் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறுக. கரி இழைக் கோல் மின்னலைக் கடத்தும்.

கருவிக்குப் பெருஞ்செலவு வேண்டா. மணற்கரைக்கு எட்டு அல்லது ஒன்பது அடிக் கோல். படகுத்துறைக்கு ஆறரை அடி போதும். நடுத்தரச் சுழல் உருளை ஒன்றும், ஐந்து முதல் ஏழு கிலோ தாங்கும் நைலான் இழையும், 30 முதல் 60 கிராம் ஈயக் குண்டுகளும் கொள்க. முள்ளின் எண்ணில் புதியோர் மயங்குவர். 10, 8, 6 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1 என்பதற்குமேல் 1/0, 2/0 என்று வளரும். கிழங்கானுக்கு 8 அல்லது 6. கெளுத்திக்கும் கத்தாளைக்கும் 2 அல்லது 1. இழையை முள்ளின் காதில் நுழைத்து, தன்மேல் ஐந்தாறு சுற்றுச் சுற்றி, காதருகே உள்ள முதல் வளையத்தில் நுனியைச் செலுத்தி, எச்சிலால் நனைத்து மெல்ல இறுக்குக. நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் இழை நலியும்.

இரையில் சிறந்தது புதிய இறால். சேற்றுக்கரையில் தோண்டி எடுக்கும் ‘உம்புன்-உம்புன்’ என்னும் கடற்புழுவைக் கிழங்கான் மிக விரும்பும். முள்ளின் வாய் வெளியே பிதுங்காமல் இரையால் மூடுக. முள் தோன்றினால் எந்த மீனும் விழுங்காது. வள்ளுவர் உவமையின் உயிர்நாடி அதுவே.

மணற்கரையில் கிழங்கான், கத்தாளை, காலா ஆகியவை கிட்டும். கத்தாளை தூண்டிலில் ஏறியதும் ஒலி எழுப்பும். அதன் தலையில் வெண்மையான இரு கற்கள் இருக்கும். மலாயார் அதனைக் ‘கெலாமா’ என்பர். மெர்போக் ஆற்றங்கரை முழுதும் கண்டற் காடு. அதன் வேர்களுக்கு இடையே கொடுவாவும் களவாயும் பதுங்கும். அவை தொடங்குவார்க்குரியன அல்ல. ஓரிரு விடுமுறை சென்றபின் நாடலாம். சிறு மீன்களைக் கையை நனைத்துப் பிடித்து, முள்ளை நீக்கி, கடலுக்கே திருப்பி விடுதல் கடமை. கெடாவுக்கும் லங்காவிக்கும் இடைப்பட்ட பாயார்த் தீவைச் சுற்றி இரண்டு கடல்மைல் வரை தூண்டிலிடுதல் கூடாது, அது கடற்பூங்கா.

இடர்களையும் அறிதல் வேண்டும். கெளுத்தியின் முதுகிலும் செவுளருகிலும் நச்சு முள் உண்டு. கையால் பற்றாமல் துணியோ இடுக்கியோ கொள்க. குத்திவிட்டால், தாங்கக்கூடிய வெந்நீரில் அவ்விடத்தை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வைத்து மருத்துவரை நாடுக. ஆழமற்ற நீரில் நடக்கையில் கால்களைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசி நடந்தால், படுத்திருக்கும் திருக்கை விலகிப்போகும். ஊதிப் பருக்கும் பேத்தை மீனை உண்ணவே கூடாது. அதன் நஞ்சு சமைப்பதால் நீங்காது. ஜொகூரில் 2023இல் அதனை உண்ட முதியோர் இருவர் மாண்டனர். ஆற்று முகத்தில் நீர் வற்றும்போது ஓட்டம் கடலை நோக்கி விரையும். சிறுவரை அங்கு இறக்கலாகாது. சேற்றுத் திட்டின் நுனிவரை சென்று நிற்பவரைப் பின்னால் ஏறும் நீர் சூழ்ந்துவிடும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. கோத்தா கோலா மூடாவில் வீடுகளும் படகுகளும் சிதைந்தன, உயிர்களும் போயின. சிதைந்த படகுகள் அங்கே நினைவுச்சின்னமாக நிற்கின்றன. கடல் வழக்கத்துக்கு மாறாகத் திடீரென உள்வாங்குமாயின், துள்ளும் மீனைப் பொறுக்க ஓடாமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு அவ்விடத்திலேயே நின்று சொல்லலாம்.

பள்ளி செய்யக்கூடியது

மூடா ஆற்றின் தென்புறத்தே, கோலா மூடாவில், ‘பாசார் பீசிக்’ என்னும் மீன்சந்தை கூடுகிறது. பீசிக் என்றால் காதோடு பேசுதல். மீன் வாங்க வருவோர் தாம் தரும் விலையை விற்பவர் காதில் மட்டும் மெல்லச் சொல்வர். அவருள் மிகுதியாகச் சொன்னவர்க்கு மீன் செல்லும். அங்கு ஒரு காலை நேரத்தைச் செலவிட்டால், ஒரு வகுப்புக்கு வேண்டிய மீன்கள் அனைத்தையும் கண்ணால் காணலாம். மலாய்ப் பெயரை விற்பவரிடம் கேட்டறியலாம். தமிழ்ப் பெயரை ஆசிரியர் முன்னரே குறித்துக்கொண்டு சென்றால் இரு பெயரும் ஒரே ஏட்டில் அருகருகே அமையும்.

இதனை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வகுப்பில் கேள்வி கேட்ட அந்த மாணவன், அடுத்த முறை தந்தையோடு கடற்கரைக்குச் சென்று திரும்பியபின், தாள் ஒன்றை என் மேசைமேல் வைத்தான். நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ஏழு மலாய்ப் பெயர்களும் வலப்பக்கம் ஐந்து தமிழ்ப் பெயர்களும் எழுதியிருந்தான். இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. “இந்த ரெண்டுக்கும் அப்பாவுக்கும் தெரியலை, ஐயா; நீங்க எழுதித் தாங்க” என்றான். அவற்றுள் ஒன்று எனக்கும் தெரியவில்லை. கெடாத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் இத்தகைய தாள் ஒன்றைத் தொடங்கி, ஒருவரிடம் இல்லாத பெயரை மற்றொருவரிடம் கேட்டு நிரப்புவார்களாயின், நெய்தலுக்கு நம் கரையிலேயே ஒரு சொல்லேடு உருவாகும். அடுத்த விடுமுறைக்குத் தூண்டிலோடு ஒரு தாளும் எழுதுகோலும் வண்டியில் ஏறட்டும்.